வால்வா? சிப்பா? – ஒரு கிடார்க்காரனின் கணக்கு

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மன்றச் செயலாளர் ஒரு மாதமாகத் துரத்திக்கொண்டிருந்தார். "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, காதல் தோல்விக் கவிதையே ஒரு குயர் சேந்துடுச்சு. உனக்குத் தெரிஞ்சத எழுது" என்றார். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று கிடார், அதுவும் சுமாராக. இன்னொன்று, கிடார் கம்பியில் பிறக்கிற சில நூறு மில்லிவோல்ட்டை ஊர் முழுக்கக் கேட்கும்படி பெரிதாக்குகிற ஆம்ப்ளிஃபையர். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு மூன்றாம் ஆண்டு மாணவன் என்ற முறையில் இரண்டாவதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்! இது சர்க்யூட் பாடம் அல்ல. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் என் தாய்மாமாவின் பிழைப்பும் இதில் கலந்திருக்கிறது.

உலகம் முழுக்க கிடார் வாசிப்பவர்களிடையே ஓயாத பட்டிமன்றம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் நல்லதா? அல்லது அதன் குரலைக் கணக்குப் போட்டுக் காப்பி அடிக்கிற டிஜிட்டல் பெட்டி நல்லதா? இரண்டு கட்சியிலும் வெறியர்கள் உண்டு. கணவன் மனைவிக்குள் விவாகரத்தே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், அவ்வளவு சூடு!

முதலில் வால்வு என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பாடம் டயோடு, டிரான்சிஸ்டர் என்றுதான் ஆரம்பிக்கிறது, வால்வை நம்மில் பாதிப்பேர் கண்ணால் பார்த்ததில்லை. கண்ணாடிக் குப்பியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே ஒரு இழையைச் சிவக்கச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் காத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே 250, 300 வோல்ட்டில் நிற்கிற தகட்டை நோக்கி ஓடும். நடுவில் ஒரு கம்பிச் சல்லடை. சல்லடைக்குக் கொடுக்கிற சின்ன வோல்டேஜ்தான் மதகு. மதகுப் பலகையை இரண்டு விரற்கடை தூக்கினால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் கூடும்? காவிரிப் பாசனக்காரனுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. 1904-ல் ஃபிளெமிங் சல்லடை இல்லாத வால்வைச் செய்தார். 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் சல்லடையை நுழைத்தார். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு ரேடியோ, சினிமா, மேடை எல்லாமே வால்வுதான். 1939-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியபோது ஒலிபரப்பியதும் வால்வு, வீட்டில் இருந்து கேட்டதும் வால்வு.

1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. அது சின்னது, சூடாகாது, உடையாது. ரேடியோக்காரர்கள் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர், டெலிவிஷன் எல்லாம் வால்வைக் கழற்றி எறிந்தன. ஒரே ஒரு கூட்டம் மட்டும் பிடிவாதமாக "மாட்டேன்" என்றது. அதுதான் எலெக்ட்ரிக் கிடார்க் கூட்டம்.

ஏன்? தாங்குகிற அளவுக்கு மேல் சத்தம் கொடுத்தால் ஆம்ப்ளிஃபையர் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது. களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரக்காலில் நெல்லைக் கொட்டிக் கோலால் வழித்து, தலைதட்டி அளப்பது ஒரு விதம். குவித்துக் கூம்பாக விட்டு அளப்பது இன்னொரு விதம். டிரான்சிஸ்டர் அலையின் தலையைத் தட்டிவிடும், வெட்டிய இடத்தில் முனை நிற்கும், காதில் கீச்சென்று குத்தும். வால்வு கூம்பாக விடும், அலையின் தலை உருண்டையாக மழுங்கும். அப்படி மழுங்கும்போது நீங்கள் வாசித்த ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயி ஸ்வரமும், அதற்கு மேல் பஞ்சமமும் மெல்லிசாக ஒட்டிக்கொள்ளும். கணக்குப்படி பார்த்தால் இது பிழை. உள்ளே போனது வேறு, வெளியே வந்தது வேறு. ஆனால் காதுக்கு அந்தப் பிழைதான் ருசி.

இது நம் தஞ்சாவூருக்குப் புதிதா என்ன? தம்புராவின் குதிரை மேல், கம்பிக்கு அடியில் ஒரு துண்டு நூலை வைத்து அதிர வைக்கிறார்களே, ஜீவாளி! நூலை எடுத்துவிட்டால் ஸ்வரம் சுத்தமாக இருக்கும், ஆனால் உயிர் இருக்காது. பேரே ஜீவன் என்றுதானே வைத்திருக்கிறார்கள்? இப்போது பல கச்சேரி மேடைகளில் மரத் தம்புராவின் இடத்தில் எலெக்ட்ரானிக் தம்புரா உட்கார்ந்துவிட்டது. கிடார்க்காரர்கள் இன்று போடும் சண்டையை நம் வித்வான்கள் எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள்.

மாமா கதைக்கு வருகிறேன். 1980-ல் அவருக்கு இருபது வயது. வட்டாரத்தில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் கிடார் வாசித்தவர் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் தவித்தார். வெளிநாட்டுச் சரக்கு வாங்க வசதி யாருக்கு இருந்தது? மாமா மெட்ராஸ் போய் ரிச்சி தெருவில் சாமான் பொறுக்கினார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-லிருந்தே வால்வு செய்துகொண்டிருந்தது. அந்த முத்திரை போட்ட ஈ.சி.சி. 83 இரண்டு, ஈ.எல். 84 இரண்டு. டயோடு பி.ஒய். 127. பழுதாகிக் கிடந்த ஒரு மைக் செட்டிலிருந்து பவர் டிரான்ஸ்பார்மர். அவுட்புட் டிரான்ஸ்பார்மரை அவரே கையால் சுற்றினார். பெட்டி மட்டும் யாரோ விற்ற ரேடியோகிராமினுடையது. மொத்தம் பதினைந்து வாட்ஸ். அதன் முன்னால் ஒரு மைக்கை வைத்து, பெரிய மைக் செட் வழியாக ஊருக்குக் கொடுப்பார்கள்.

(இதில் ஒரு வேடிக்கை. 1962-ல் லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் இதையேதான் செய்தார். அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபையரை முன்னால் வைத்து, உள்ளூரில் கிடைத்த சாமானைப் போட்டுக் காப்பி அடித்தார். சாமான் மாறியதால் குரலும் மாறிவிட்டது. அந்த மாறிய குரலுக்குத்தான் பிறகு உலகமே அடிமையானது. என் மாமாவுக்கு அடிமையானது பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில் சில கிராமங்கள் மட்டும்!)

மெல்லிசை மேடை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே உன் கற்பனைக்கு வேலை இல்லை. கேசட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். இளையராஜா பாட்டில் வரும் கிடார் துண்டை ஒரு ஸ்வரம் மாற்றினால் முன் வரிசைச் சின்னப் பையனே திரும்பிப் பார்ப்பான். ஆகவே குழுவின் கிடார்க்காரர் முப்பது வகைச் சத்தத்தை ஒரே கிடாரில், ஒரே ராத்திரியில் கொண்டுவர வேண்டும். டிஜிட்டல் பெட்டி செய்கிற வேலையை அவர் கையாலும் காலாலும் செய்துகொண்டிருந்தார். அதனால் இந்த ஊரில் அந்தப் பெட்டி வந்து இறங்கியபோது யாரும் அதை எதிரியாகப் பார்க்கவில்லை. அப்பாடா என்றுதான் பார்த்தார்கள்.

அந்தப் பெட்டியின் வரலாறு நீளமில்லை. 1996-ல் கலிபோர்னியாவின் லைன் 6 கம்பெனி ஆக்ஸிஸ் 212 என்ற ஆம்ப்ளிஃபையரை விட்டது. 1998-ல் அதே கம்பெனியின் 'பாட்', சிவப்பு நிறத்தில் அவரைக்கொட்டை போல மேசை மேல் உட்காரும் சின்னச் சாமான். கிடார் சத்தம் உள்ளே போனதும் எண்களாக மாறும். அந்த எண்கள் வால்வின் வளைவு போலவே எழுதப்பட்ட கணக்கு வழியாகப் போகும். பிறகு மீண்டும் சத்தமாகி வெளியே வரும். 2011-ல் ஜெர்மனியின் கெம்பர் இன்னொரு வழியைக் காட்டியது. ஆம்ப்ளிஃபையரின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராயவே வேண்டாம், அதற்குள் ஒரு சோதனைச் சத்தத்தை அனுப்பு, வெளியே வருவதைக் கேள், வித்தியாசத்தைப் பதிந்துகொள். சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருளை எழுதி இலவசமாகவே திறந்துவிட்டார். ஏட்டுக்கல்வி முடியும் முன்னால் நம் கையிலேயே கிடைத்தது என்றால் அது இதுதான்.

தாமதம் பற்றி ஒரு குற்றச்சாட்டு உண்டு. டிஜிட்டல் பெட்டி யோசித்துத்தான் பேசும், தந்தியைத் தட்டிய பிறகு சில மில்லிசெகண்டு கழித்துத்தான் சத்தம் வரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒலி ஒரு செகண்டில் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆம்ப்ளிஃபையரை விட்டு மூன்றடி தள்ளி நின்றாலே மூன்று மில்லிசெகண்டு கிட்டே போய்விடும். நல்ல பெட்டியின் தாமதம் அந்த அளவுதான். மேடையில் நாம் எங்கே ஒட்டி நிற்கிறோம்? இந்தக் குற்றச்சாட்டை நான் தள்ளுபடி செய்கிறேன்.

இனி என் புராஜெக்ட். மாமாவின் ஆம்ப்ளிஃபையருக்கு வயதாகிவிட்டது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது கடையின் கூரை ஷீட் பறந்துபோய், ராத்திரி முழுக்க மழை உள்ளே கொட்டியது. தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்த அந்த வாரத்தில் ஆம்ப்ளிஃபையரைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? மின்சாரம் வரவே எங்கள் ஊரில் பல நாள் ஆனது. வந்த பிறகு மாமா அவுட்புட் டிரான்ஸ்பார்மரை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, 100 வாட்ஸ் பல்பை எரியவிட்டு ஒரு வாரம் காயவைத்தார். அது பிழைத்துக்கொண்டது. குழு வாங்கி வைத்திருந்த டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் பெட்டியும் அதே மழையில்தான் நனைந்தது. அதைப் பிழைக்க வைக்க முடியவில்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பார்த்தார்கள். ஈ முட்டை மாதிரிப் பாகங்கள், நம்பர் அழிக்கப்பட்ட ஒரு சிப். "இதத் தொறந்து பாக்கலாம் மாப்ளே, படிக்க முடியாது" என்றார் மாமா. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே வால்வுக் கட்சிக்கு நான் பாதி மார்க் கொடுப்பேன். வால்வு ஆம்ப்ளிஃபையரில் ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் தைரியமும் இருந்தால் எந்த இடத்தில் என்ன வோல்டேஜ் என்று கையால் தொட்டுச் சொல்லலாம். தொட்டு என்றா சொன்னேன்? தொடவே கூடாது! சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் 300 வோல்ட் காத்திருக்கும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மறு கையால் மட்டும் அளக்க வேண்டும் என்பது மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

ஆனால் வால்வுக்கு எதிரான கணக்கும் பெரிது. நம் நாட்டில் இந்தச் சின்ன வால்வுகள் தயாரிப்பது நின்று வெகுகாலம் ஆகிறது. உலகத்திலேயே ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று விரல்விட்டு எண்ணும் தொழிற்சாலைகள்தான் மிச்சம். 2022-ல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்ட செய்தி வந்ததும் எங்கெங்கோ இருக்கும் கிடார்க்காரர்கள் எல்லாம் பதறிப்போய் வால்வு வாங்கிக் குவித்தார்கள், விலை ஏறியது. மாமாவின் தகர டப்பாவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரையோடு ஈ.எல். 84 ஒரே ஒரு ஜோடி இருக்கிறது. பஞ்சு சுற்றி வைத்திருக்கிறார். அதைத் திறந்து காட்டச் சொன்னால் நகைப்பெட்டியைத் திறக்கிற மாதிரி கதவைச் சாத்திவிட்டுத்தான் திறப்பார்.

அதனால்தான் அந்தக் குரலைப் பதிந்து வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. துறைத்தலைவரிடம் புராஜெக்ட் தலைப்பைக் கொடுத்தபோது "இதுல எலெக்ட்ரானிக்ஸ் எங்கப்பா இருக்கு, பாட்டுக் கச்சேரில்ல இருக்கு" என்று சிரித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

மாமா ஆம்ப்ளிஃபையரைத் துணி சுற்றி, குட்டி யானை வண்டியில் ஏற்றி, தானும் கூடவே உட்கார்ந்து கல்லூரிக்கு வந்தார். செய்முறை ஒன்றும் மாயமில்லை. சுமார் மூன்று நிமிடச் சோதனைச் சத்தம் ஒன்றைக் கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குள் அனுப்பினோம். ஸ்பீக்கரைக் கழற்றவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும், இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஸ்பீக்கர் முனையிலேயே இரண்டு ரெசிஸ்டரைப் போட்டு வோல்டேஜைக் குறைத்து, வெளிவந்ததைப் பதிவு செய்தோம். பிறகு கம்ப்யூட்டர் வேலை. உள்ளே போனது இது, வெளியே வந்தது இது, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று அது ஒரு ஊகம் செய்யும், தப்பைப் பார்க்கும், திருத்தும், மறுபடி ஊகிக்கும். ஆயிரக்கணக்கான தடவை. எல்லாம் முடிந்ததும் ஒரு கோப்பு கிடைக்கும். ஒரு போட்டோ அளவுகூட இடம் பிடிக்காது. அந்தக் கோப்புதான் மாமாவின் ஆம்ப்ளிஃபையர், அதாவது குமிழ்களை நாங்கள் எந்த இடத்தில் வைத்திருந்தோமோ அந்த இடத்து ஆம்ப்ளிஃபையர். குமிழைத் திருப்பினால் கோப்புக்குத் தெரியாது, இன்னொரு கோப்பு எடுக்க வேண்டும்.

லேபில் ஒரு பரீட்சை வைத்தோம். திரைக்குப் பின்னால் நான் வாசிப்பேன், ஒரு முறை வால்வு, ஒரு முறை கோப்பு, ஸ்பீக்கர் ஒன்றே. எது எது என்று சொல்ல வேண்டும். நம் வகுப்புக்காரர்கள் சொன்ன பதிலைக் காசு சுண்டிப் போட்டே வாங்கியிருக்கலாம். மாமாவும் கண்ணை மூடிக் கேட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"எது எதுன்னு எனக்குத் தெரியல மாப்ளே. ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டுமே திருவிழா சத்தம் இல்ல."

எனக்குப் புரியவில்லை. ஆம்ப்ளிஃபையர் அதேதான், வால்வு அதேதான், வாசிப்பது வேறு ஆள் என்பதைச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். "அது இல்லடா. இது பகல் சத்தம். கடையில டெஸ்ட் பண்ணும்போது இப்படித்தான் இருக்கும். கோயில்ல ராத்திரி பத்து மணிக்கு வேற மாதிரி இருக்கும்."

லேப் அசிஸ்டண்ட் அண்ணன்தான் சட்டென்று பிடித்தார். "சார், அப்ப உங்க ஊர்ல ராத்திரி வோல்டேஜ் எவ்வளவு இருக்கும்?"

அங்கேதான் விஷயம் இருந்தது, நண்பர்களே! மாமாவின் கிராமம் லைனின் கடைக்கோடி. பங்குனி, சித்திரையில்தான் திருவிழாக்கள், அதே கோடையில்தான் தென்னைக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார்கள் ஓடும். அதன் மேல் கோயிலின் சீரியல் செட், டியூப் லைட், ராட்டினம். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 இருந்தால் பெரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தகட்டுக்கு 300 வோல்ட் கிடைக்க வேண்டிய வால்வுக்கு 248 வோல்ட்தான் கிடைக்கும். 6.3 வோல்ட்டில் எரிய வேண்டிய இழை 5.2-ல் மினுக்கும். பதினைந்து வாட்ஸ் பத்து வாட்ஸாகச் சுருங்கும். அதாவது மரக்கால் சின்னதாகிவிடும், அதே நெல்லைக் கொட்டினால் சீக்கிரமே கூம்பு கட்டும். மெதுவாக வாசித்தாலும் குரல் கொஞ்சம் கரகரக்கும், ஓங்கி அடித்தால் அமுங்கி, பிறகு மூச்சு விடுவது போல எழும்பும்.

அமெரிக்காவின் எட்டி வான் ஹேலன் இதையே வேண்டுமென்று செய்தார். 1978-ல் வந்த அவர் குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு உலகமே அந்தச் சத்தத்தின் ரகசியத்தைத் தேடியது. ரகசியங்களில் ஒன்று, அவர் தன் மார்ஷலுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு வேரியாக் வைத்துக் குறைத்து வாசித்தார் என்பது. நம் லேபில் நாம் டிம்மர்ஸ்டாட் என்று சொல்கிறோமே, அதே சாமான். அவர் காசு கொடுத்து வாங்கியதை எங்கள் கிராமத்துக்குக் கோடைக்காலம் இலவசமாகக் கொடுத்திருக்கிறது!

டிம்மர்ஸ்டாட்டை எடுத்து வந்து மாட்டினோம். நான் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், அண்ணன் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தார். 220... 210... 200... மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். 190-க்குக் கொஞ்சம் கீழே போனபோது கையைத் தூக்கினார். "நிறுத்து. இதான். இது மாரியம்மன் கோயில்."

மீட்டரில் 188.

அங்கேயே இன்னொரு கோப்பு எடுத்தோம். மாமா அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதாம். இப்போது கச்சேரிக்கு ஜெனரேட்டர் வந்துவிட்டது. வோல்டேஜ் அசையாமல் நிற்கிறது. அதே வால்வு, அதே டிரான்ஸ்பார்மர், ஆனால் மேடையில் அது பகல் சத்தம்தான் கொடுக்கிறது. யாருக்கும் அது தெரியாது, கிடார்க்காரருக்குக்கூட "ஏதோ கொறையுது"ன்னு மட்டும் தெரியும். வேண்டுமென்றே 188-ல் ஓட்டலாமே என்றால், இழைச் சூடு குறைந்தால் காத்தோடுக்கு நல்லதல்ல, இருக்கிற வால்வும் சீக்கிரம் போய்விடும். ஆக, அசல் ஆம்ப்ளிஃபையர் மறந்துபோன ஒரு குரலை இப்போது அதன் நகல்தான் பாடுகிறது!

வால்வுக் கட்சிக்காரர்கள் "அசல், அசல்" என்று பேசும்போது நான் கேட்பது இதுதான். எந்த அசல்? எத்தனை வோல்ட்டில், எந்த ஊரில், எத்தனை மணிக்கு? டிஜிட்டல் கட்சிக்காரர்கள் "அப்படியே இருக்கும்" என்று சொல்லும்போதும் அதையேதான் கேட்கிறேன். எதை முன்னால் வைத்தாயோ அப்படியே இருக்கும், சரி. எதை முன்னால் வைக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? எனக்கு மாமா சொன்னார்.

மேடைக்கு எது என்று கேட்டால், பெட்டிதான் என்பேன். முப்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு மினி பஸ் ஏறிப் பாருங்கள், நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். நடுக் கச்சேரியில் வால்வு போனால் கை சுடச் சுட மாற்ற வேண்டியதில்லை. முப்பது பாட்டுக்கு முப்பது சத்தம் காலால் ஒரு தட்டில் கிடைக்கிறது. ஆனால் டிப்ளமோ படிக்கிற ஒருவன் ஆம்ப்ளிஃபையர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், வால்வு ஒன்றைத் திறந்து வைத்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்கார வேண்டும். மாமா இந்த இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. மேடையிலும் வால்வுதான் இருக்க வேண்டும், இந்தக் காலத்துப் பசங்களுக்கு முதுகு வலிக்கிறது என்கிறார்.

பிழைப்பு விஷயத்துக்கு வருவோம். மாமாவின் ஆம்ப்ளிஃபையருக்குக் குழு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து வந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் திருவிழா மாதங்களில் அது அவர் வீட்டு மளிகைக் கணக்கு. கோப்பைக் குழுவின் கிடார்க்கார அண்ணனிடம் கொடுத்தால் அவர் கையடக்கப் பெட்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் ஆம்ப்ளிஃபையர் எதற்கு? இதை நான் மாமாவிடம் முன்கூட்டியே சொன்னேன். சொல்லாமல் எடுத்துக்கொண்டு போக எனக்கு மனசில்லை. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப எனக்கு வாடகை கெடையாது. அதானே?"

"ஆமா மாமா."

"பொட்டிய நான் தூக்கிட்டு வரவும் வேணாம்."

"வேணாம்."

"செரி, குடுத்துடு. முதுகு வலிக்குதுன்னு இவ்வளவு நாளும் சொல்லாம இருந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அத்தை சிரிக்கவில்லை. "சத்தத்த மட்டும் எடுத்துட்டுப் போவாங்களாம், காச மட்டும் குடுக்க மாட்டாங்களாம்" என்று அடுப்படியிலிருந்து கேட்டது. அவர் கேட்டதில் என்ன தப்பு? வெளிநாட்டில் இப்படி எடுத்த கோப்புகளை விலைக்கே விற்கிறார்கள். ஆம்ப்ளிஃபையரைச் செய்தவனுக்கு அதில் பங்கு உண்டா என்பது பற்றி அங்கேயும் தகராறுதான். சட்டம் என்ன சொல்லும் என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். அத்தையின் கணக்கு எனக்குச் சரியாகவே பட்டது.

குழுத் தலைவரிடம் நானே போய்ப் பேசினேன். அவர் நல்ல மனுஷன். பழைய வாடகையில் பாதியை, அந்தக் கோப்பு மேடையேறும் ஒவ்வொரு ராத்திரியும் வெற்றிலைபாக்குக் காசு என்று மாமா கையில் கொடுக்கச் சம்மதித்தார். மாமா மேடைக்குப் பக்கத்தில் மிக்ஸர் மேசையில் உட்கார்ந்து, சத்தத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. போன பங்குனியில் முதல் கச்சேரி. அண்ணன் இரண்டு கோப்பையும் ஏற்றி வைத்திருந்தார். பெட்டியின் திரையில் ஒன்றுக்குப் பெயர் 'பகல்', இன்னொன்றுக்கு '188'. நாலாவது பாட்டில் 188-ஐ மிதித்தார். கூட்டத்தில் யாரும் எதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை, ராட்டினக்காரனும் தன் சைரனை நிறுத்தவில்லை. மாமா மட்டும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வெறும் காதில் கேட்டார்.

ஆம்ப்ளிஃபையர் இப்போது நம் எலெக்ட்ரானிக்ஸ் லேபில், ஜன்னலோர மேசையில் இருக்கிறது. மாமா அதை விற்கவில்லை, கொடுக்கவும் இல்லை, "வச்சிரு, வந்து பாத்துக்கிறேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்தப் பஞ்சு சுற்றிய ஜோடி இன்னும் அவர் டப்பாவிலேயே இருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் சுற்றுக் கணக்கை அவர் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன், முதன்மைச் சுற்று முடிந்துவிட்டது, இரண்டாம் சுற்றில் ஒரு எண் அவருக்கும் சந்தேகமாக இருக்கிறது. திறந்து பார்க்க விரும்பும் நண்பர்கள், எந்தத் துறையானாலும், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் வரலாம். கிடார் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், கோப்பையும் தருகிறேன். மோதிரம், வாட்ச் போட்டிருந்தால் கழற்றிவிட்டு வரவும்.